கடலுக்கு அப்பால் ஒரு பிரான்ஸ் – 6: கோதுமை விதைத்த வழக்கறிஞர்

சேன் க்ருவா தீவில் 79 பேர் இறங்கியதையும், 35 பேரைப் புதைத்துவிட்டு மீதிப் பேர் அங்கிருந்து கிளம்பியதையும் சென்ற இதழில் பார்த்தோம். ஈறு அழுகி, கால் வீங்கி, ஸ்கர்வி நோயில் செத்தவர்கள் அவர்கள். பிழைத்தவர்கள் 1605 கோடையில் வீடுகளைப் பிரித்து, மரச்சட்டங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு ஃபண்டி வளைகுடாவின் மறுகரைக்குப் போனார்கள். மலைகள் வாடைக்காற்றைத் தடுக்கும் ஒரு நீர்ப்பரப்பின் ஓரத்தில் அவற்றை மறுபடி நட்டுக் கட்டினார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் போர் ருவயால். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இருக்கிறது. மிக்மாக் மக்களின் மண். அங்கும் முதல் குளிர்காலத்தில் 45 பேரில் 12 பேர் இறந்தார்கள்.

இதுவரை இந்தத் தொடரில் நாம் பெரும்பாலும் சாமுவேல் ஷாம்ப்ளேனின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷாம்ப்ளேன் மாலுமி, வரைபடக்காரர். துறைமுகத்தில் தண்ணீர் எத்தனை பாகம் ஆழம், கப்பல் நங்கூரம் போட மண்தரை உண்டா, எந்தத் திசையில் பாறை இருக்கிறது என்பதையெல்லாம் அவர் ஒருபோதும் தவறவிட மாட்டார். ஆனால் அந்த மரக்கோட்டைக்குள் மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்கள் என்று கேட்டால் அவர் சுருக்கமாகத்தான் பதில் சொல்வார். அதைச் சொல்ல இன்னொருவர் வர வேண்டியிருந்தது. 1606 ஜூலையில் வந்தார். பாரிஸ் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டு வாதாடிக்கொண்டிருந்த மார்க் லெஸ்கார்போ.

லெஸ்கார்போ பிறந்தது 1570 வாக்கில், பிரான்சின் வடக்கு எல்லையை ஒட்டிய வெர்வின் என்ற சிற்றூரில். லத்தீனும் கிரேக்கமும் சட்டமும் படித்தார். 1598-ல் பிரான்சும் ஸ்பெயினும் நெடுநாள் போரை முடித்துக்கொண்டு கையெழுத்திட்டது அவர் ஊரில்தான். அந்த உடன்படிக்கைக்கே வெர்வின் உடன்படிக்கை என்று பெயர். சமாதானம் பேச வந்திருந்த போப்பாண்டவரின் தூதருக்கு லத்தீனில் நன்றியுரை சொன்ன இளைஞர் லெஸ்கார்போ. அடுத்த ஆண்டே பாரிஸில் வழக்கறிஞரானார். கூடவே லத்தீன் நூல்களைப் பிரெஞ்சில் பெயர்த்தார், கவிதை எழுதினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வழக்கில் நியாயம் தன் பக்கம் இருந்தும் நீதிபதி கைநீட்டியதால் தோற்றுப்போனோம் என்ற கசப்பு அவருக்குள் இறங்கும்வரை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய கட்சிக்காரர் ஒருவர் வந்து, என்னோடு அக்காடியாவுக்கு, அதாவது போர் ருவயால் இருக்கும் பகுதிக்கு, வருகிறீர்களா என்று கேட்டார். ழான் தெ பியன்கூர் தெ பூத்ரேங்கூர் என்ற பிரபு அவர். மன்னர் நான்காம் ஹென்றியிடம் தோல் வணிக ஏகபோக உரிமை வாங்கியிருந்த தெ மோன், போர் ருவயாலைப் பூத்ரேங்கூருக்குக் கொடுத்திருந்தார். லெஸ்கார்போ யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் சரி என்றார். ஊழல் மலிந்த உலகத்தை விட்டு ஓடவும், புது நாட்டைக் கண்ணால் பார்க்கவும் ஆசைப்பட்டுப் போனேன் என்று அவரே காரணம் சொல்கிறார். தோல் வணிகத்தில் பங்கு வாங்கவோ தங்கச் சுரங்கம் தேடவோ அவர் போகவில்லை. அந்தக் காலத்தில் கடல் கடந்து போனவர்களில் இப்படிப்பட்டவர் அரிது. அவர் எழுத்து மற்றவர்களின் எழுத்திலிருந்து விலகி நிற்பதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

லா ரொஷேல் துறைமுகத்தில் கப்பல் கிளம்பத் தாமதமானது. பாரிஸிலிருந்து அழைத்து வந்திருந்த தச்சர்களும் கொத்தர்களும் கையில் கூலி வந்ததும் குடித்துக் கூத்தடித்தார்கள். சிலரை நகர மண்டபத்திலேயே அடைத்துவைத்து, கப்பல் புறப்படும் நாளில்தான் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இதையெல்லாம் லெஸ்கார்போ எழுதிவைத்திருக்கிறார். காத்திருந்த நாட்களில் பிரான்சுக்கு விடை சொல்லி ஒரு கவிதையும் எழுதி அங்கேயே அச்சிட்டார். 1606 மே 13 அன்று ‘ஜோனாஸ்’ கப்பல் கடலில் இறங்கியது.

இரண்டு மாதத்துக்கு மேல் தண்ணீர். பிறகு ஒரு நாள் கரை கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் வாசம் வந்தது. காட்டின் மணத்தைக் காற்று அள்ளிக்கொண்டு வர, அதைப் பிடித்துவிடலாம் போலக் கைகளை நீட்டினோம் என்கிறார். கப்பல் நாய்களும் மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே இருந்தனவாம்.

ஜூலை 27 அன்று போர் ருவயால் கழிமுகத்துக்குள் கப்பல் நுழைந்தபோது கோட்டையில் இரண்டே இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். பண்டம் தீர்ந்து, கப்பலும் வராது என்று முடிவுகட்டி, போன்-கிராவே தலைமையில் மற்றவர்கள் சில நாட்களுக்கு முன்புதான் மீன்பிடிக் கப்பல்களைத் தேடிக் கிளம்பியிருந்தார்கள். லா தாய், மிக்லே என்ற இருவர் மட்டும் நாங்கள் காவல் இருக்கிறோம் என்று தங்கிவிட்டார்கள். கப்பலை முதலில் பார்த்தது அவர்களும் இல்லை. மிக்மாக் தலைவர் மெம்பெர்டூ பார்த்தார். நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவரிடமும் ஓடிப் போய், இங்கே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறீர்களே, கப்பல் வருகிறது பாருங்கள் என்று கத்தினார். ஒருவன் துப்பாக்கியோடு கரைக்கு ஓட, மற்றவன் பீரங்கிக்கு ஓடினான். இந்த இருவரின் பெயரும் இன்றுவரை தெரிகிறதென்றால், வந்திறங்கிய வழக்கறிஞர் அவர்களைக் கூப்பிட்டு விவரம் கேட்டு எழுதியதால்தான். இருவரின் உயிருக்கும் ஓராண்டுக் கால உழைப்புக்கும் காவலாக இருந்தவர் மெம்பெர்டூ என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வந்ததும் லெஸ்கார்போ கையில் எடுத்தது மண்வெட்டி. பாத்தி கட்டினார், விதை போட்டார், வேலி அடைத்தார். பொழுது போதாமல் நிலா வெளிச்சத்திலும் தோட்டத்தில் கொத்திக்கொண்டிருந்தாராம். ஸ்பானியர்கள் வெள்ளி தேடிய கண்டத்தில் இந்த மனிதர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: கோதுமையும் திராட்சையும் ஆடுமாடும்தான் உண்மையான சுரங்கம், அது உள்ளவனுக்குக் காசும் உண்டு. அவர் கோதுமைக்கு இவ்வளவு இடம் கொடுத்தது கவிஞரின் மயக்கத்தால் என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய இரண்டு குளிர்காலங்களில் 47 பேர் செத்திருந்தார்கள். கப்பலில் வரும் உப்புக்கண்டத்தை மட்டும் நம்பினால் மூன்றாவது குளிர்காலத்திலும் சாவுதான் என்பதை அவர் தெளிவாகப் பார்த்தார்.

பூத்ரேங்கூரும் இந்த விஷயத்தில் ஒத்த கருத்துள்ளவர். அதுவரை மாவு அரைக்கக் கைத்திரிகைதான். குளிரில் அதைச் சுற்றிச் சுற்றியே ஆட்கள் நொடித்துப்போனார்கள். பூத்ரேங்கூர் ஓர் ஓடையில் நீராலை கட்டினார். மிக்மாக் மக்கள் வியந்து பார்த்த பொருள்களில் அதுவும் ஒன்று. ஆலை கட்டியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. வசந்தத்தில் அந்த ஓடையில் ஏறிவந்த மீன்களை அள்ளிப் பீப்பாய்களில் உப்பிட்டார்கள். கைத்தொழில் ஆட்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேர வேலை போதும் என்று விடப்பட்டது. மீதி நேரத்தில் அவர்கள் கடல் வற்றிய சேற்றில் சிப்பியும் நண்டும் பொறுக்கினார்கள். யாரும் திட்டமிடாமலே பச்சை உணவு அவர்கள் வயிற்றுக்குள் போனது.

செப்டம்பர் தொடக்கத்தில் பூத்ரேங்கூரும் ஷாம்ப்ளேனும் இன்னும் வெப்பமான இடம் தேடித் தெற்கே கப்பலேறினார்கள். கோட்டைப் பொறுப்பு லெஸ்கார்போ கைக்கு வந்தது. தெற்கே போனவர்களுக்கு நல்லது நடக்கவில்லை. இன்றைய மாசசூசெட்ஸ் கரையில், கேப் காட் முனையருகே, சொல்பேச்சுக் கேட்காமல் கரையில் தூங்கிய சில இளைஞர்கள் விடியற்காலையில் அம்பு மழையில் சிக்கினார்கள். பிணங்களைப் புதைத்துவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு, தேடிய இடம் கிடைக்காமல் நவம்பரில் திரும்பினார்கள்.

நவம்பர் 14. சோர்ந்து வந்த படகு கோட்டையை நெருங்கியபோது தண்ணீரின் மேல் ஒரு தேர் வந்தது. நீலத் துணி போர்த்தி, நீண்ட தாடியும் முடியுமாகக் கையில் திரிசூலத்தோடு ரோமானியர்களின் கடல் தெய்வம் நெப்டியூன் அதில் உட்கார்ந்திருந்தார். பூத்ரேங்கூரை ‘சகமோ’ என்று, தலைவனைக் குறிக்க அந்த மண்ணில் வழங்கிய சொல்லாலேயே அழைத்து, உன் பயணங்களைக் காத்தவன் நான், இனியும் காப்பேன் என்று செய்யுளில் முழங்கினார். அவருடைய பரிவாரமான ஆறு டிரைட்டன்கள் ஒவ்வொருவராக வாழ்த்தினார்கள். ஒருவன் கஸ்கோன் வட்டார வழக்கில் பேசிச் சிரிக்கவைத்தான். அடுத்து ஒரு படகில் நான்கு ‘காட்டுவாசிகள்’ வந்தார்கள். ஒருவன் மூஸ் மானின் தொடை, ஒருவன் நீர்நாய்த் தோல், ஒருவன் தன் காதலி செய்த கைவளைகள் கொடுத்தான். வேட்டையில் ஒன்றும் கிடைக்காத நான்காமவன் மீன் குத்தும் ஈட்டியோடு வந்தான். எக்காளம் ஊதியது, பீரங்கி வெடித்தது, கோட்டை வாசலில் இலைமாலைகளுக்கு நடுவே பிரான்சின் சின்னம் தொங்கியது.

இதுதான் ‘நெப்டியூனின் அரங்கு’. இன்றைய கனடாவில் ஐரோப்பிய மொழியில் எழுதி நடிக்கப்பட்ட முதல் நாடகம். எழுதியவர் லெஸ்கார்போ. வந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில் அங்கு வழங்கிய சொற்களைச் செய்யுளில் கோத்திருக்கிறார். காதுள்ளவர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சொற்களைப் பேசிய நால்வரும் பெரும்பாலும் வேடம் கட்டிய பிரெஞ்சுக்காரர்கள் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தச் செய்யுளில் மிக்மாக் மனிதர் பிரெஞ்சு மன்னரின் காலடியில் காணிக்கை வைக்கிறார். கரையில் நின்று பார்த்த உண்மையான மிக்மாக் மக்கள் யாருக்கும் எந்தக் காணிக்கையும் வைத்தவர்கள் அல்லர். அவர்கள் பண்டம் மாற்றினார்கள், விருந்துண்டார்கள், உறவு கொண்டாடினார்கள். 2006-ல் இந்த நாடகத்தின் 400-ஆம் ஆண்டு வந்தபோது கனடாவில் அதை மறுபடி நடிக்கலாமா என்று கடும் விவாதம் எழுந்ததற்கு இதுதான் காரணம். ஹாலிஃபாக்ஸ் நகரின் பெரிய நாடக அரங்குக்கு இன்றும் நெப்டியூன் என்றுதான் பெயர்.

அந்தக் குளிர்காலத்தில் ஷாம்ப்ளேன் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். ‘நற்பொழுதுக் குழு’ என்று சொல்லலாம். பூத்ரேங்கூரின் மேசையில் சாப்பிடுபவர்கள் 15 பேர். அன்றாட விருந்துப் பொறுப்பு முறைவைத்து ஒவ்வொருவருக்காக வரும், நம்மூர் திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படியும் ஒவ்வொருவருடையதாக இருப்பதைப்போல. தன் முறை வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ கிளம்பிவிடுவார், நேற்றைய ஆளுக்குத் தான் குறைந்தவனாகிவிடக் கூடாதே. சாப்பாட்டு நேரத்தில் தோளில் துண்டும் கையில் கோலும் கழுத்தில் குழுவின் மாலையுமாக அவர் முன்னால் நடக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு தட்டை ஏந்திப் பின்னால் வருவார்கள். இரவில் மாலையை மறுநாள் பொறுப்பாளிக்குப் போட்டு, இருவரும் ஒயின் அருந்திப் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். மூஸ் இறைச்சி, நீர்நாயின் வால், காட்டு வாத்து, ஸ்டர்ஜன் மீன் என்று லெஸ்கார்போவின் பட்டியல் நீள்கிறது. பாரிஸில் இறைச்சி வாட்டி விற்கும் கடைகளுக்குப் பேர்போன ரூ ஓ ஊர்ஸ் தெருவில் கிடைப்பதற்கு எங்கள் சாப்பாடு குறைந்ததில்லை என்று ஊரிலிருந்த தீனிப்பிரியர்களுக்குப் பதில் சொல்கிறார்.

அந்த மேசைக்கு அருகில் கொஞ்சம் நிற்க வேண்டும். மெம்பெர்டூவும் பிற தலைவர்களும் வந்தால் பிரெஞ்சுக்காரர்களோடு சமமாக உட்கார்ந்து உண்டார்கள், குடித்தார்கள். அவர்கள் வராத நாளில் எங்களுக்கு வெறிச்சென்றிருந்தது என்று எழுதுகிறார் லெஸ்கார்போ. அந்த அன்பு உண்மையானது. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இருபது முப்பது மிக்மாக் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் சுற்றி நின்று விருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏழைகளுக்குக் கொடுப்பதுபோல அவர்களுக்கு ரொட்டி கொடுத்தோம் என்கிறார். மேசையில் இருந்த மானும் மீனும் யாருடைய காட்டிலிருந்து, யாருடைய ஆற்றிலிருந்து வந்தன? சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்கள்? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய அரசியலை அருகிலிருந்து பார்த்துத் தமிழில் எழுதிவைக்க நமக்கு ஓர் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார். போர் ருவயால் மேசையைச் சுற்றி நின்றவர்கள் பக்கத்திலிருந்து அப்படியொரு நாட்குறிப்பு இல்லை. மெம்பெர்டூவின் குரலே நமக்கு லெஸ்கார்போ போன்றவர்களின் வாய்வழியாகத்தான் வருகிறது. அவரைப் படிக்கும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஆண்டு கோட்டையில் பாதிரியார் இல்லை. வழக்கறிஞரே ஞாயிற்றுக்கிழமைகளில் வேதம் வாசித்து விளக்கினார். கொண்டுவந்த புத்தகங்களை இரவில் தன் அறையில் படித்தார், எழுதினார். ஜனவரி 14, ஒரு ஞாயிறு. வெயில் நன்றாக அடித்தது. ஆற்றில் படகில் பாடிக்கொண்டே போனார்கள். அதே மாதத்தில் இரண்டு லீக் தொலைவிலிருந்த கோதுமை வயலைப் பார்க்கப் போய், வெயிலில் உட்கார்ந்து மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார்கள். ஸ்கர்வி வராமல் தடுப்பவை என்று அவர் அடுக்குவது இவை: நல்ல ரொட்டி, நல்ல ஒயின், புது இறைச்சி, தோட்டக் கீரை, காலுக்குக் கதகதப்பு, மனத்துக்கு மகிழ்ச்சி, கூட வாழ மனைவி. வைட்டமின் சி என்ற சொல் பிறக்க இன்னும் 300 ஆண்டுகள் இருந்தன. அந்தக் குளிர்காலத்தில் ஸ்கர்வியில் இறந்தவர்கள் ஏழு பேர் என்கிறார் ஷாம்ப்ளேன். ஏழு உயிர் சிறிய எண் அல்ல. ஆனால் 35-லிருந்து 12-க்கும், 12-லிருந்து ஏழுக்கும் குறைந்தது. இந்தக் குடியேற்றம் வாழக் கற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்த மருந்து வணிகர் லூயி ஏபேர், தோட்டத்தையும் மூலிகையையும் அங்கே பழகியவர், பத்தாண்டு கழித்து 1617-ல் குடும்பத்தோடு கியூபெக்கில் குடியேறி நிலம் திருத்தினார். அவரைப் பின்னால் விரிவாகச் சந்திப்போம்.

மிக்மாக் மக்களைப் பற்றி லெஸ்கார்போ எழுதியதுதான் அவர் நூலின் உயிர். உடை, உணவு, திருமணம், சாவு, போர், நடனம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம். எண்களையும் சொற்களையும் தொகுத்தார். மெம்பெர்டூ பாடிய பாட்டின் மெட்டைக் காதால் கேட்டு ஸ்வரத்தில் குறித்துக்கொண்டார். அதில் ‘அல்லேலூயா’ என்று கேட்டதாக அவர் சொல்வது நம்பும்படியாக இல்லை. தன் மதத்தை எங்கும் தேடிய காது அது. ஆனாலும் வட அமெரிக்கப் பழங்குடிப் பாடல்கள் இசைக்குறிப்பாகத் தாளில் ஏறிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அவருடையது. 1636-ல் சகார் என்ற துறவி இதே மெட்டுகளைத் தன் நூலில் எடுத்துப் போட்டார்.

இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்பது தகாத பேச்சு என்று அவர் எழுதினார். பிரான்சில் வேட்டை பிரபுக்களின் உரிமை. குடியானவன் மானைக் கொன்றால் தண்டனை. இங்கே ஆண்கள் எல்லோருமே வேட்டையாடுகிறார்கள், அப்படியானால் இங்கு எல்லோருமே பிரபுக்கள் என்று சட்டம் படித்தவரின் கண்ணால் கண்டுபிடித்தார். இவர்களுக்குள் வழக்கு இல்லை, பேராசை இல்லை, இருப்பதைப் பகிர்ந்து உண்கிறார்கள். என்னுடையது உன்னுடையது என்ற பேச்சு பிறந்த நாளில் நம்மிடமிருந்து பறிபோன ஈகை இவர்களிடம் இன்னும் இருக்கிறது என்றார். நீதிமன்றத்தில் புண்பட்டு வந்த மனிதர் இதை எழுதும்போது, பாரிஸை நினைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார். அதனால் கொஞ்சம் மிகை கலந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்துப் பிரயாண நூல்கள் எத்தனையோ இந்த மக்களை விலங்குகளாக வரைந்தபோது, இவர் அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதினார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

இவ்வளவும் எழுதிய அதே பேனா இன்னொன்றையும் எழுதியது. அதைச் சொல்லாமல் விட்டால் லெஸ்கார்போவைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும்.

அடுத்தவர் நிலத்தை எடுத்துக்கொள்ள என்ன உரிமை? இந்தக் கேள்வியை அவர் நேராக எதிர்கொண்டார், வழக்கறிஞர் அல்லவா. நாடுகளுக்கிடையிலான பொது நியாயப்படி பிறர் நிலத்தைப் பறிப்பது செல்லாது என்பது அவருக்குத் தெரியும், அதை ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, அந்த நியாயத்துக்கு இங்கே வேலை இல்லை என்று தள்ளிவைக்கிறார். பூமி கடவுளின் பிள்ளைகளுக்கு உரியது, ஆகவே அது கிறிஸ்தவர்களுக்கு உரியது என்பது அவர் வாதம். ஸ்பானியர்களைப் போல மக்களைக் கொன்றொழிக்கக் கூடாது, அவர்களைக் காத்து, உழவும் மதமும் கற்பித்து, கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனையும் போடுகிறார். அந்த நிபந்தனையை அவர் மனமார எழுதினார் என்றே நம்புகிறேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று அறிந்த ஒருவர், தெரிந்தே அதை மூடிவைத்த இடம் இது. ஒரு நீதிபதி தன் வழக்கில் நியாயத்தை ஒதுக்கினார் என்பதற்காகக் கடல் கடந்தவர், ஒரு மக்கள் கூட்டத்தின் வழக்கு தன் முன் வந்தபோது அதையேதான் செய்தார். மெம்பெர்டூவை அவர் நேசித்தார், அவர் மக்களின் ஈகையைப் போற்றினார், அவர்கள் நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமையை மட்டும் ஏற்கவில்லை. பின்னால் இரண்டு நூற்றாண்டுகளாகக் கனடாவில் நடந்த நிலப்பறிப்புகளுக்குச் சொல்லப்பட்ட நியாயங்கள் பலவற்றின் விதை, இந்தக் கனிவான மனிதரின் பக்கங்களிலேயே கிடக்கிறது.

1607 மே மாதம் பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. தெ மோனின் ஏகபோக உரிமையை மன்னர் ரத்து செய்துவிட்டார். பிற துறைமுகங்களின் வணிகர்களும் தொப்பி செய்வோரும் கொடுத்த நெருக்கடி அப்படி. தோல் வருமானம் இல்லாமல் குடியேற்றத்துக்குப் பணம் இல்லை. எல்லோரும் திரும்ப வேண்டும். இடையில் மெம்பெர்டூ, தன் இனத்தான் ஒருவன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கத் தெற்கே அர்மூஷிகுவா மக்கள் மீது படையெடுத்துப் போனார். இந்தப் போரையும் லெஸ்கார்போ நெடுங்கவிதையாகப் பாடி, அதே ஆண்டு பிரான்சில் அச்சிட்டார்.

ஜூலை 30 அன்று லெஸ்கார்போ கிளம்பினார். இந்த முறை புதிய பிரான்சுக்கு விடை சொல்லி ஒரு கவிதை. மீன்களையும் பறவைகளையும் மரங்களையும் பெயர் சொல்லி அழைத்து விடைபெறுகிறார். தேன்சிட்டு அளவிலான ரீங்காரச் சிட்டு ஒன்றும் அதில் சிறகடிக்கிறது. விதைத்த கோதுமை முற்றும்வரை நான் வர மாட்டேன் என்று பூத்ரேங்கூர் மேலும் பல நாட்கள் தங்கினார். கதிரை வேரோடு பிடுங்கிக்கொண்டுபோய் மன்னரிடம் காட்டினார். கோதுமை, பார்லி, கம்புக் கோதுமை, ஓட்ஸ். கூடவே அவர் பொரிக்கவைத்து வளர்த்த ஐந்து காட்டு வாத்துகள். மன்னர் மகிழ்ந்து வாத்துகளை ஃபோன்தேன்ப்ளோ அரண்மனைத் தோட்டத்தில் விடச்சொன்னார். கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மறுபடி மெம்பெர்டூவிடம் வந்தது. பூத்ரேங்கூர் 1610-ல் திரும்பி வந்தபோது வீடுகள் பெரிதும் அப்படியே இருந்தன.

1609-ல் பாரிஸில் ழான் மியோ பதிப்பகம் ‘புதிய பிரான்சின் வரலாறு’ நூலை வெளியிட்டது. பின்னிணைப்பாகக் கவிதைத் தொகுதியும் நாடகமும். புளோரிடாவிலும் பிரேசிலிலும் பிரெஞ்சுக்காரர்கள் முயன்று தோற்ற கதைகளையும், முன்னோடி மாலுமி கார்த்தியேயின் பயணங்களையும் சேர்த்து எழுதி, கடைசியில் தான் கண்ட அக்காடியாவுக்கு வருகிறார். அதே ஆண்டிலேயே அதன் ஒரு பகுதி லண்டனில் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. வர்ஜீனியாவில் குடியேற்றம் நடத்திக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்கு இது உதவும் என்று கருதி மொழிபெயர்க்கச் செய்தவர் ரிச்சர்டு ஹக்லூயிட். 1611-12, 1617-18 ஆண்டுகளில் லெஸ்கார்போ நூலைத் திருத்தி, பெருக்கி மறுபதிப்பு கொண்டுவந்தார். ஷாம்ப்ளேனுக்கு இந்த நூல் பிடிக்கவில்லை. இவர் சேன் க்ருவாவுக்கு அப்பால் போனதே இல்லை என்று எழுதினார். அது உண்மைதான். லெஸ்கார்போ அங்கே இருந்தது ஓராண்டு, கண்ட குளிர்காலம் ஒன்று. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்ததால்தான், கடந்து போனவர்கள் காணாததை அவர் கண்டார். இந்த வழக்கில் என் தீர்ப்பு லெஸ்கார்போ பக்கம்.

அக்காடியாவை அவர் மறுபடி பார்க்கவில்லை. சுவிட்சர்லாந்துக்குப் போன பிரெஞ்சுத் தூதருக்குச் செயலாளராகப் போய், அந்த நாட்டைப் பற்றியும் 1618-ல் ஒரு செய்யுள் நூல் எழுதினார். 1619-ல் பிரான்சுவாஸ் தெ வால்பெர்க் என்ற விதவையை மணந்தார். பிரபுக் குலத்தவர், ஆனால் ஏமாற்றுக்காரர்களிடம் சொத்தைப் பறிகொடுத்திருந்தவர். அதை மீட்க லெஸ்கார்போ வருடக்கணக்கில் வழக்காடி, ஒரு பகுதியை மீட்டும் கொடுத்தார். 1641-ல் இறந்தார்.

மெம்பெர்டூ 1610 ஜூன் 24 அன்று குடும்பத்தார் இருபது பேரோடு ஞானஸ்நானம் பெற்றார். மன்னரின் பெயரான ஹென்றி அவருக்குச் சூட்டப்பட்டது. அந்த மன்னர் மே 14 அன்றே பாரிஸ் தெருவில் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். செய்தி இன்னும் கடல் கடக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று மெம்பெர்டூவும் இறந்தார். இரண்டே ஆண்டில், 1613-ல், வர்ஜீனியாவிலிருந்து வந்த சாமுவேல் ஆர்கல் போர் ருவயாலைக் கொள்ளையிட்டு எரித்தார். பயணிகள் இன்று அங்கே பார்க்கும் மரக்கட்டடம் 1939-40-ல் கனடா அரசு பழைய படங்களைக் கொண்டு மீண்டும் கட்டியது. ஆர்கல் ஏன் வந்தார், அவருக்கு யார் வழி காட்டினார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.